மாரிக்கனி அக்கா வெறுங்கண்ணால் பதிக்கவில்லை

செய்தி எனக்கு ஆர்டராக வந்தது.

கார்த்திகை மாதம். காலண்டர் சீசன். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் கணினி முன்னால் இருக்கும் யாருக்கும் தலைநிமிர நேரமில்லை. முருகன், லட்சுமி, அருவி. மறுபடி முருகன். இடையில் வாட்ஸப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. கீழே: கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மதியத்துக்குள் வேண்டும். அதற்கும் கீழே: தலையில் மாட்டியிருப்பதை எடுத்துவிடவும்.

படத்தில் மாரிக்கனி அக்கா. வேலைக்கு நடுவே கூப்பிட்டதும் நிமிர்ந்த முகம். தலையைச் சுற்றி ஒரு பட்டை. நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட இரண்டு கண்ணாடி வில்லைகள். அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.

என்ன செய்ய வேண்டும் என்பது முதலில் புரிந்தது. அவர் இறந்துவிட்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். எந்த ஊர் என்றார். விஸ்வநத்தம் என்றேன். எந்தக் கம்பெனி என்றார். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்து வரும் கேள்வி இங்கே அதுதான். எங்கே வெடித்தது, எத்தனை பேர். படம் அனுப்பியவரைப் போனில் கேட்டேன். எங்கும் வெடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. வெடி இல்லை என்றதும் பக்கத்து இருக்கைக்காரர் தன் லட்சுமிக்குத் திரும்பினார்.

போஸ்டருக்கான வாசகத்தையும் அனுப்பியிருந்தார்கள். இறுதி நாள் வரை வெறுங்கண்ணால் கல் பதித்த கலைச்செல்வி. கீழே நகைப் பட்டறையின் பெயர், முதலாளியின் பெயர், துயரத்தில் பங்குகொள்ளும் ஊழியர்கள்.

அது பொய். அவரை அறிந்தவர்களுக்கு இது பொய் என்று தெரியும். அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காக எழுதுகிறேன். அமைதியாக எழுதுவதாக உத்தேசம் இல்லை.

*

எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். முடிந்த நகைகளைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. கல் பதிக்கும் பெண்கள் சன்னல் ஓரமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் இருக்கை மாரிக்கனி அக்காவுடையது. வெளிச்சம் முதலில் அங்கேதான் விழும். அந்த இடத்தை யாரும் கொடுத்துவிடுவதில்லை. கைவேலையால் வாங்க வேண்டும்.

கல் பதிப்பு என்பது இதுதான். நகையை அரக்கில் புதைத்து அசையாமல் நிறுத்துவார்கள். கல் உட்காரும் குழியைச் சின்ன உளியால் செதுக்குவார்கள். கல்லை வைத்து, சுற்றியுள்ள தங்கத்தை மெல்லத் தள்ளி, கல்லின் விளிம்பில் படிய வைப்பார்கள். கொஞ்சம் குறைந்தால் கல் விழும். கொஞ்சம் கூடினால் கல் உடையும். எள்ளைவிடச் சின்னக் கல்.

அக்காவின் அப்பா அம்மா இருவரும் பட்டாசு வேலை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மாவின் இடது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஏன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். திருமணம் நிலைக்காமல் அக்கா அம்மாவிடமே திரும்பி வந்தவர். காலையில் தெருமுனைக்கு வரும் பட்டாசுக் கம்பெனி வேனில் மட்டும் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். அந்த ஒரு முடிவின் மீதுதான் அவருடைய மற்ற எல்லாம் நின்றது. பட்டறை இருக்கை போனால் வேன். நடுவில் வேறொன்றும் இல்லை.

அதைத் துயரமாகச் சொல்ல மாட்டார். புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்களிடம், "இங்கன கை நடுங்குனா கல்லு விழும். அங்கன நடுங்குனா நீ விழுவ. எது தேவலன்னு பாத்துக்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

*

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். விஜயதசமி காலையில் ஒவ்வொருவரும் முதலாளி எதிரில் ஒரு மூக்குத்தியில் ஒரு கல் பதிக்க வேண்டும். வெறுங்கண்ணால். அதற்குக் கண்ணுக்கல் என்று பெயர். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து நடப்பது. கல் சரியாக உட்கார்ந்தால் அந்த வருஷத்துக்கு இருக்கை உண்டு. உளி வழுக்கினால் கண் இறங்கிவிட்டது என்பார்கள். பாலீஷ் அறைக்குப் போக வேண்டும். சன்னல் இல்லாத அறை. மோட்டார் சத்தம். மூக்கிலும் பல்லிலும் கறுப்புத் தூசி.

நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டுவார்கள். செய்தித்தாளைத் தள்ளிப் பிடிப்பார்கள். உலகமெங்கும் இதற்குப் பெயர் வயது. அந்தப் பட்டறையில் இதற்குப் பெயர் குற்றம். அதனால் பெண்கள் மறைத்தார்கள். கல்லைப் பார்க்காமல் விரல் நுனியால் தடவிப் பதித்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பதித்தார்கள். ஒருவர் திருவிழாக் கடையில் வாங்கிய படிக்கிற கண்ணாடியை மடியில் ஒளித்து வைத்திருந்தார். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டால் அது சேலைக்குள் போய்விடும். தலைவலி மாத்திரை மேசைக்கு மேசை கைமாறும்.

முதலாளியோ சரிபார்க்கும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி லென்ஸை எடுத்துக் கண்ணில் செருகிக்கொள்வார். அதை ஒருவரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

மாரிக்கனி அக்காவுக்கும் வெள்ளெழுத்து வந்தது. பங்குனி வெயிலில் ஒரு நாள் போனில் ஆர்டர் போட்டு, தலையில் மாட்டும் கண்ணாடி ஒன்றை வரவழைத்தார். இருந்ததிலேயே பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கியிருந்தார். பெரிதாகக் காட்டுவதுதானே வேண்டும் என்று. யாராக இருந்தாலும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனதும் மாட்டிக்கொண்டார்.

எண் பெரிதாகப் பெரிதாக, பொருள் கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால்தான் தெளிவாகத் தெரியும். பெட்டியில் அதை யாரும் எழுதவில்லை. அக்கா குனிந்தார். தெளியவில்லை. இன்னும் குனிந்தார். மூக்கு கிட்டத்தட்ட நகையில் இடித்தபோதுதான் கல் தெளிந்தது. அரக்கை இளக்குவதற்காக மேசையில் எப்போதும் ஒரு சின்னச் சுடர் எரியும். முன்நெற்றி முடி அதில் பட்டது.

மயிர் கருகும் வாடை.

பட்டாசுக் குடும்பங்களில் பிறந்த பெண்களுக்கு அந்த வாடை என்ன செய்யும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. என்ன, எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஒருவரும் கத்தவில்லை. உளிகள் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கணம் அறை காலி. எல்லோரும் செருப்பில்லாமல் எதிர்த் தெருவில் நின்றார்கள். என்னையும் யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். அக்காவும் ஓடி வந்திருந்தார், தலையில் அந்தக் கருவியோடு, முன்நெற்றியில் கருகிய சுருளோடு. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மடியில் கண்ணாடி ஒளிக்கும் பாண்டியம்மாள் சொன்னார்: "யக்கா, வெடிய உன் தலையிலயா கட்டிக்கிட்டு வந்த?"

சிரிப்பு அடங்கும்போது முதலாளி வாசலில் நின்றார். மேசைகளில் தங்கம் திறந்து கிடந்தது. காவலுக்கு ஓர் ஆள் இல்லை. அதைவிட அவர் பார்த்தது அக்காவின் தலையை.

கண் இறங்கினால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஒளித்துவைத்துச் செய்யக் கூடாது என்றார். வியாபாரிகள் பார்த்தால் பட்டறையில் எல்லாம் குருட்டு வேலை என்று நினைப்பார்கள் என்றார். ஆனால் கையிலிருந்த கல்யாண ஆர்டர்களுக்கு அக்காவின் கை வேண்டியிருந்தது. அதனால் ஒரு தவணை கொடுத்தார். விஜயதசமி வரை உள்ளுக்குள் எதையாவது மாட்டிக்கொள்ளலாம். அன்றைக்குக் கண்ணுக்கல் முடிவு செய்யட்டும்.

*

அக்கா முதலில் போனது கண் மருத்துவரிடம். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி. "கண்ணு எறங்கலயாம். கிட்டத்துப் பார்வை தள்ளிப் போயிருக்கு, அம்புட்டுத்தான்" என்றார். மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். தலையில் மாட்டுவதை அதற்கு மேல்தான் போட வேண்டும், அது இதற்குப் பதில் ஆகாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். பொற்கொல்லர் சாமான் விற்கும் கடை. இந்த முறை பையில் ஒரு பித்தளை மூக்குத்தியும், அரக்குக் கட்டையும், ஒரு நூலும் இருந்தன. முதுகை வளைக்காமல் உட்கார்ந்தால் கண்ணுக்கும் கைக்கும் எவ்வளவு தூரம் என்று பாண்டியம்மாளை வைத்து நூலில் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தார்.

கடைக்காரத் தம்பி ஆகப் பெரியதைத்தான் முதலில் எடுத்து நீட்டினார். அக்கா அதைத் தொடவில்லை. பெட்டியைக் கொடுத்து என்னைப் படிக்கச் சொன்னார். எந்தத் தூரத்தில் தெளியும் என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. எனக்கே தெரியவில்லை. "இதப் படிக்கவே ஒண்ணு வாங்கணும் போலருக்கு" என்றார்.

கடையின் முக்காலியைக் கல்லாவுக்கு இழுத்துப்போட்டு, பட்டறையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக மாட்டினார். மாட்டியதும் நூலைப் பிடித்துப் பார்ப்பார். முடிச்சு இருக்கும் இடத்தில் மூக்குத்தி தெளிந்தால் ஒரு பக்கம் வைப்பார். தெளியாவிட்டால் திருப்பிக் கொடுப்பார். ஆகப் பெரியவை எல்லாம் அங்கேயே தோற்றன. நடு எண்களில் ஒன்றிரண்டு மிஞ்சின. அவற்றில் பிளாஸ்டிக் வில்லை வேண்டாம் என்றார். கல் தூசியோடு நாள் முழுக்கத் துடைத்தால் கீறல் விழுந்துவிடும். விளக்கு பொருத்தியதும் வேண்டாம். அந்த வெளிச்சம் கல்லில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பி அடித்தது. பேட்டரியின் கனம் வேறு நெற்றியில். மேசை விளக்கைப் பக்கத்திலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்றார். மிஞ்சியதை மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவேயில்லை.

கடைக்காரத் தம்பி பொறுமை இழந்து, "யக்கா, கண்ணாடி வாங்க வந்தீகளா, குடித்தனம் நடத்த வந்தீகளா" என்றார்.

"ரெண்டும் கழுத்துல ஏறுற வேலதான், தம்பி. கொஞ்சம் இருந்து பாத்தாத்தான் வலி தெரியும்."

கழுத்து வலிக்கவில்லை. அதை வாங்கினார். ஊருக்கு வந்ததும் பட்டையின் உள்பக்கம் இருந்த ரப்பரைப் பிய்த்துவிட்டுப் பழைய நூல் சேலைத் துணியைத் தைத்தார். நம் வெயிலில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கும். துணியென்றால் துவைக்கலாம்.

அதன் பிறகு வந்த மாதங்கள் அவருடைய நல்ல மாதங்கள். முதுகு நிமிர்ந்தது. மாத்திரை நின்றது. யாராவது கூப்பிட்டால் வில்லையை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுப் பார்ப்பார். அப்படி ஒரு தடவை நிமிர்ந்தபோதுதான் படம் எடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று வாங்கி மாட்டிப் பார்ப்பார்கள். பாண்டியம்மாள் தன் சொந்த வேலையை அதில் பார்த்துவிட்டு, ஒரு கல்லைப் பிடுங்கித் திரும்பப் பதித்தார். ஆனால் யாரும் வாங்கவில்லை. விஜயதசமி கழியட்டும் என்றார்கள்.

*

விஜயதசமி. சாம்பிராணிப் புகை. முதலாளி நாற்காலியில். அக்கா முதல் இருக்கையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, வில்லைகளைக் கீழே இறக்கினார்.

"கழட்டும்மா" என்றார் முதலாளி.

"கல்லப் பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

பதித்தார். நீட்டினார். முதலாளி தன் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கல்லுல குத்தமில்ல. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. பாலீஷுக்குப் போயிரும்மா."

அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார்: "குத்தம் கண்டுபிடிக்க உங்களுக்குக் கண்ணாடி வேணும். குத்தமில்லாம செய்ய எனக்கு மட்டும் கூடாதா அண்ணாச்சி?"

"நான் பாக்குறவன். நீ செய்றவ."

நான் படித்த புத்தகங்களில் இந்த ஒரு வாக்கியத்தை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர் அதைச் சாம்பிராணிப் புகைக்கு நடுவில், கோபமே இல்லாமல், பல் குத்திக்கொண்டு சொன்னார்.

அக்கா உளிகளைத் துணியில் சுற்றினார். பாலீஷ் அறையைத் தாண்டி வாசல் வழியாக வெளியே போனார். மற்றவர்கள் தங்கள் மூக்குத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தெருக்களுக்கும் வேன் வருகிறது.

மறுநாள் காலை விஸ்வநத்தத்தில் கம்பெனி வேன் அக்காவின் வீட்டு முன்னால் வேகத்தைக் குறைத்ததாம். விஷயம் அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. இடம் இருக்கு, ஏறு என்று உள்ளிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா சன்னலோரம் ஒரு பழைய தையல் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. விருதுநகரில் இரண்டொரு சின்னக் கடைகளிலிருந்து வேலை வாங்கி வந்தார். கம்மல், மூக்குத்தி, விழுந்த கல்லைத் திரும்பப் பதிப்பது. கஞ்சிக்கு வந்தது.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தை பிறப்பதற்குள் பட்டறையிலிருந்து ஆள் வந்தது. துணிப்பொட்டலத்தில் ஒரு பதக்கம். பொடிக்கல் வேலை. பட்டறையின் வெறுங்கண்களால் முடியவில்லை. அக்கா செய்து கொடுத்தார். அடுத்த மாதம் இன்னொன்று. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கடினமானது எல்லாம் பின்வாசல் வழியாக விஸ்வநத்தம் வரும், தலைக்கண்ணாடியின் கீழ் முடியும், பட்டறைக்குத் திரும்பும். அங்கே முதலாளி அதை வியாபாரிகளிடம் காட்டுவார். எங்கள் பெண்கள் வெறுங்கண்ணால் செய்தது என்பார். அதைச் சொல்லும்போது நானும் அறையில் இருந்திருக்கிறேன். அதன் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. அச்சகத்துக்கு வந்துவிட்டேன்.

இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று அக்காவிடம் சண்டை போட்டேன். வில்லையை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேல இங்கன வருது, பேரு அங்கன நிக்கிது. தெரியும். கோவிச்சுக்கிட்டுத் திருப்பி அனுப்புனா, நாளைக்கு நான் அந்த வேன்ல ஏறணும். கோவத்த நீ வச்சுக்க. உனக்கு எழுத வரும்ல."

வைத்திருந்தேன்.

*

போஸ்டர் வேலையை நான் செய்ய மாட்டேன் என்று அச்சக முதலாளியிடம் சொன்னேன். காரணமும் சொன்னேன். செத்தவர் படத்தை அழகாக்குவதில் என்ன தப்பு என்று கேட்டார். பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்தார். அவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிட்டார். பட்டையை அழித்து, பக்கத்து முடியை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார். மூக்குக்கண்ணாடியையும் எடுத்துவிட்டார். சுத்தமான வேலை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அது அருவியைப் போல இன்னொரு படம்.

நான் பஸ் பிடித்துப் போனேன். தெருவில் பந்தல். வாசலில் இரண்டு பெஞ்சு. பட்டறைப் பெண்கள் வந்திருந்தார்கள். பாண்டியம்மாள் அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். முதலாளி பெரிய மாலையோடு வந்தார், கைகூப்பினார், அவரும் கண்ணைத் துடைத்தார். அது நடிப்பு என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படித் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். அக்காவின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். வாசித்துக் காட்டினேன். காபி குடிச்சியா என்று மட்டும் கேட்டார்.

அப்போது முதலாளி மறுபடி வந்தார். தனியாக. தரையைப் பார்த்தபடி, ஒரு பதக்கம் இங்கே இருக்கிறது என்றார். முகூர்த்தம் நெருங்குகிறதாம். பெண் வீட்டார் கேட்கிறார்களாம்.

அம்மா எழுந்து போனார். தையல் மேசையிலிருந்து அரக்குக் கட்டையோடு எடுத்து வந்து, ஒட்டிய விரல்களின் மேல் வைத்து நீட்டினார். சிவப்புக்கல் பதக்கம். ஓரம் முழுக்க முடிந்திருந்தது. நடுவில் ஒரு பூவின் இதழ்கள் மட்டும் பாக்கி. குழிகள் செதுக்கி, சுத்தமாக, காலியாக.

முதலாளி சட்டைப்பைக்குள் கை விட்டார். சாவு வீட்டில், சுவரோரம் எரிந்துகொண்டிருந்த விளக்குக்கு முன்னால், லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பதக்கத்தைப் பார்த்தார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார்.

"அம்புட்டும் கச்சிதம்" என்றார். பிறகு யாரிடமென்று இல்லாமல், "மிச்சத்த யாரு முடிக்கிறது?" என்றார்.

அம்மா உட்கார்ந்தார். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"அதான் வெறுங்கண்ணால பதிச்சதுன்னு போஸ்டர்ல போட்டுருக்கீகளே மொதலாளி. உங்க பட்டறையில அம்புட்டுப் பேரும் வெறுங்கண்ணுக்காரிகதான. அவுகள முடிக்கச் சொல்லுங்க."

முதலாளி லென்ஸை எடுத்தார். பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதக்கம் இன்னும் முடியவில்லை என்று கேள்வி. மதுரைக்கு அனுப்பினார்களாம். அங்கேயும் இவ்வளவு பொடியான குழியில் கை வைக்க ஆள் அமையவில்லையாம்.

மாரிக்கனி அக்கா, போய் வாருங்கள். அந்தப் பூ அப்படியே கிடக்கட்டும். ஒவ்வொரு குழியும் காலியாகவே இருக்கட்டும்.